'இன்டர்ஸ்டேட் 76' கேம் புதிய கணினியில் ஏன் தாறுமாறாக ஓடுகிறது?

கணினி வேகமாக இருப்பதுதான் பிரச்சினை. ஆக்டிவிஷன் 1997-இல் வெளியிட்ட கேம் இது. 'மெக்வாரியர் 2' என்ற கேமின் ரோபோ சண்டைக்காக எழுதிய எஞ்சினையே (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளையே) காருக்கு மாற்றியிருந்தார்கள். அதில் காரின் இயக்கக் கணக்கு ஃபிரேம் வேகத்தோடு, அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் திரையில் வருகின்றன என்பதோடு கட்டப்பட்டிருக்கிறது. அன்றைய கணினிகளில் நொடிக்கு 20 ஃபிரேம் வந்தாலே பெரிய விஷயம். இன்று அது பல மடங்காக எகிறும்போது கணக்கு குழம்பிவிடுகிறது. கார் தேவையில்லாமல் துள்ளும், தாண்டவேண்டிய பள்ளத்தைத் தாண்டாமல் உள்ளே விழும். உங்கள் ஓட்டும் திறமையில் குறையில்லை!

ஃபிரேம் வேகத்தை 20-க்குக் கட்டுப்படுத்தும் ஏதாவது ஒரு கருவியைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்புறம், இவ்வளவு சிரமப்பட இது தகுதியானதா என்றால், என்னைக் கேட்டால் ஆமாம். 1973 எண்ணெய் நெருக்கடி தீரவே இல்லை என்ற கற்பனையில், 1976-இன் அமெரிக்கத் தென்மேற்குப் பாலைவனத்தில் கதை நடக்கிறது. கொல்லப்பட்ட சகோதரி ஜேடின் காரில் மெஷின்கன் பொருத்திக்கொண்டு பழிவாங்கக் கிளம்புகிறான் குரூவ் சாம்பியன். பின்னணியில் ஃபங்க் இசை. கவிதைக்கென்றே ஒரு பட்டனும் உண்டு: அழுத்தினால் கூட்டாளி டாரஸ் ரேடியோவில் கவிதை சொல்வான். சண்டைக்கு நடுவே கவிதை கேட்க வைத்த கேம் வேறு எதையும் நான் ஆடியதில்லை.

1999-இல் வந்த அடுத்த பாகம் 'இன்டர்ஸ்டேட் 82' இதன் பக்கத்தில்கூட வராது.