டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளுக்கு முழு மட்கார்டு பொருத்த முடியுமா?

இரண்டு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக் உள்ள ஹைப்ரிட் சைக்கிளுக்கு முழு நீள மட்கார்டு பொருத்தவே முடியாது என்று கடையில் சொல்லிவிட்டதாகவும், அது உண்மைதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்மையில்லை. சென்னையில் வேளச்சேரிக்கும் பெருங்குடிக்கும் இடையே தினமும் ஓடும் என் சைக்கிளில் மூன்று வடகிழக்குப் பருவமழைகளைப் பார்த்துவிட்ட முழு மட்கார்டுகள் இருக்கின்றன. ஆனால் எந்த மட்கார்டையும் வாங்கிவந்து அப்படியே முடுக்கிவிட முடியாது என்ற அளவில் கடைக்காரர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு.

சிக்கல் முழுவதும் சைக்கிளின் இடப்பக்கத்தில் இருக்கிறது. பழைய கறுப்பு சைக்கிள்களில் பிரேக் கட்டை ரிம்மைப் பிடிப்பதால் அச்சின் அருகே இடைஞ்சலாக எதுவும் இல்லை; மட்கார்டைத் தாங்கும் கம்பி நேராக இறங்கி அச்சை ஒட்டி முடுக்கப்பட்டுவிடும். டிஸ்க் பிரேக்கிலோ, பெரும்பாலும் 160 மி.மீ. விட்டமுள்ள தட்டு சக்கரத்தின் இடப்பக்கம் சுழல்கிறது. அதைக் கவ்வும் காலிப்பர், கம்பி இறங்க வேண்டிய அதே வழியில் உட்கார்ந்திருக்கிறது. முன்சக்கரத்தில் அது, சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க்கின் இடது காலுக்குப் பின்னால் இருக்கும். பின்சக்கரத்தில் இரண்டு விதங்கள் உண்டு. சீட்டிலிருந்து அச்சுக்கு இறங்கும் குழாயின் மேல் காலிப்பர் அமர்ந்திருந்தால் கம்பிக்கு இடைஞ்சல். பெடலிலிருந்து அச்சுக்குச் செல்லும் கீழ்க்குழாயின் மேல், ஃபிரேமின் முக்கோணத்துக்குள் அமர்ந்திருந்தால் பெரும்பாலும் எந்த வேலையும் இல்லாமல் கம்பி நேராகப் போய்விடும்.

இடைஞ்சல் உள்ள இடத்தில் கம்பியை வெளிப்பக்கமாகத் தள்ளி வைப்பதே வழி. டிஸ்க் பிரேக்குக்கென்றே கம்பி வெளியே வளைந்து வரும்படி செய்த மட்கார்டுகள் கிடைக்கின்றன. கிடைத்தால் அவற்றையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால், ஃபோர்க்கின் அடியில் மரை போட்ட துளைக்கும் கம்பியின் வளையத்துக்கும் நடுவே 10 முதல் 15 மி.மீ. நீளமுள்ள அலுமினியப் புஷ் ஒன்றை, அதாவது போல்ட் நுழையும் சிறு குழாய்த் துண்டை வைத்து, எம்5 அளவில் (5 மி.மீ. தடிமனில்) நீளமான போல்ட்டால் முடுக்கலாம். போல்ட்டின் நீளத்தைக் கண்ணளவில் எடுக்காதீர்கள். புஷ், வளையம், வாஷர், துளையின் ஆழம் ஆகிய நான்கையும் கூட்டி அளவெடுங்கள். நீளம் கூடிவிட்டால் இடப்பக்கம் போல்ட்டின் முனை சுழலும் தட்டை உரசும். பின்சக்கரத்தின் வலப்பக்கம் அது மிகச் சிறிய பல்சக்கரத்தில் ஓடும் செயினைத் தட்டும். புஷ் வைத்த போல்ட் அதிர்வில் சீக்கிரம் தளரும் என்பதால் மரையில் லாக் திரவம் ஒரு சொட்டு விட்டு முடுக்குவது நல்லது. அந்தச் சொட்டு தட்டின் மேல் விழாமல் இருக்க, சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். ஹைட்ராலிக் பிரேக் (கம்பிக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்குவது) என்றால், சக்கரம் வெளியே இருக்கும்போது லிவரை அழுத்தவே கூடாது. காலிப்பருக்குள் பிரேக் கட்டைகளைத் தள்ளும் பிஸ்டன்கள் வெளியே வந்துவிட்டால் தட்டைத் திரும்ப நுழைப்பது பெரும்பாடு.

ஒன்றை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். என் சைக்கிளுக்கு முதன்முதலில் மட்கார்டு போட்ட மெக்கானிக், எளிதாக இருக்கிறதென்று காலிப்பரைப் பிடித்திருக்கும் போல்ட்டின் கீழேயே கம்பியின் வளையத்தைச் செருகி முடுக்கிவிட்டார். இரண்டாம் நாளே காலிப்பர் இடம் பெயர்ந்து தட்டு உரசத் தொடங்கியது. பிரேக் பிடிக்கும்போது எழும் விசை முழுவதையும் தாங்குவது அந்த இரண்டு போல்ட்டுகள்தான். மெல்லிய கம்பி வளையம் இடையில் நுழைந்தால் அவை சமமாக இறுகி அமர மாட்டா. மட்கார்டுக்குத் தனித் துளை இல்லாவிட்டால், உள்ளே ரப்பர் வைத்த உலோகக் கிளிப்பை ஃபோர்க்கின் காலில் காலிப்பருக்கு மேலே சுற்றிப் பிடித்து, கம்பியை அளவாக வெட்டி அதில் கட்டலாம். பிரேக் குழாய் அந்தக் கிளிப்புக்குள் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கார்பன் ஃபோர்க்கில் இந்த வேலை வேண்டாம். ஷாக் அப்சார்பர் உள்ள ஃபோர்க்கில் பெரும்பாலும் துளைகளே இருக்காது. அதற்கு முன்பக்கம் குட்டை மட்கார்டோடு நிறுத்திக்கொண்டு, பின்பக்கம் மட்டும் முழு மட்கார்டு போடுங்கள்.

அகலத்தில் கஞ்சத்தனம் கூடாது. உங்களுடையது 38 மி.மீ. டயர் என்றால் மட்கார்டு குறைந்தது 45 மி.மீ. இருக்கட்டும், டயரின் மேற்பரப்புக்கும் அதற்கும் நடுவே வளைவு நெடுக ஏறக்குறைய ஒரு விரல் அகல இடைவெளி வேண்டும். முன் மட்கார்டின் கீழ்முனை தரையை நோக்கி எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுக்குச் செயினும் பாதங்களும் தப்பிக்கும். மழைநீரோடு வரும் மணல்தான் செயினைத் தின்கிறது.

முன்சக்கரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சாலையில் கிடக்கும் குச்சி டயரோடு ஏறி மட்கார்டுக்குள் சிக்கினால், மட்கார்டு மடிந்து சக்கரம் சட்டென்று நின்று ஓட்டுபவரை முன்னால் எறிந்துவிடும். அதனால்தான் நல்ல மட்கார்டுகளின் முன்கம்பிகள், வேகமாக இழுபட்டால் தானே கழன்றுகொள்ளும் பிளாஸ்டிக் பிடிகளோடு வருகின்றன. புஷ் வைத்து வேலை செய்யும்போது அந்தப் பிடிகளைத் தூக்கியெறிந்துவிட்டுக் கம்பியை நேரடியாக முடுக்கிவிடும் வழக்கத்தைப் பார்க்கிறேன். தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

உங்கள் பின்பக்கக் காலிப்பர் எந்தக் குழாயின் மேல் இருக்கிறது என்பதையும், ஃபோர்க்கின் அடியில் மரைத் துளை இருக்கிறதா என்பதையும் கேள்வியில் சேர்த்தால், புஷ் தேவையா, எவ்வளவு நீளம் தேவை என்பதை இன்னும் திட்டமாகச் சொல்கிறேன்.