இடுப்பில் துப்பாக்கி, பையில் கிரீன் கார்டு: டெக்சாஸ் போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வது?

கேள்வி: ஹூஸ்டன் பக்கம் கேட்டியில் இருக்கிறேன். இந்தியக் குடிமகன். கிரீன் கார்டு வந்து ஓராண்டு ஆகிறது. டெக்சாஸில் இப்போது லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி இடுப்பில் வைத்துக்கொண்டு போகலாம் என்கிறார்கள். எனக்கும் அது பொருந்துமா? போலீஸ் நிறுத்தினால் என்ன சொல்ல வேண்டும், எதை மறுக்கலாம்? எச்-1பி விசாவில் இருக்கும் என் தம்பி என்னுடன்தான் தங்கியிருக்கிறான். என் காரை அவனும் ஓட்டுவான்.

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி இரண்டு வரிகளில்தான் ஆபத்து இருக்கிறது, அதனால் தம்பியிலிருந்தே தொடங்குவோம்.

எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. 2022-க்குப் பிறகு இதற்கு 15 ஆண்டு வரை சிறை. ‘வைத்திருப்பது’ என்றால் சொந்தமாக வாங்குவது மட்டுமல்ல. சுடுதளத்தில் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுத்தாலும் அது ‘வைத்திருப்பது’தான். ரெஹைஃப் வழக்கில் சிக்கியவர் மாணவர் விசா தகுதியை இழந்த பிறகு ஒரு சுடுதளத்துக்குப் போய்ச் சுட்டவர். தன் நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது வரை அந்த மனிதர் எத்தனை படி ஏறி இறங்கியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

காரின் முன்பெட்டியில் துப்பாக்கியை மறந்து வைத்துவிட்டு, பால் வாங்கி வரத் தம்பியிடம் சாவியைக் கொடுத்தால் இருவருக்கும் வினை. அவன் கைக்கெட்டும் இடத்தில் துப்பாக்கி இருக்கிறது. தடை செய்யப்பட்டவர் என்று தெரிந்தே அவரிடம் துப்பாக்கி போக விடுவது உங்கள் மீதும் குற்றமாகும். எனவே வீட்டில் பூட்டுப் பெட்டகம் வேண்டும், அதன் எண் உங்களுக்கு மட்டுமே தெரிய வேண்டும். காரில் எதையும் விட்டு இறங்கக் கூடாது. இதற்கு ஒத்துவராத வீடு என்றால், தம்பி உடனிருக்கும் வரை வாங்காமல் இருப்பதே நல்லது.

இனி உங்களுக்கு வருவோம். கிரீன் கார்டு உள்ளவர் வாங்கலாம், வைத்திருக்கலாம், இடுப்பில் அணியலாம். டெக்சாஸில் 2016 ஜனவரி 1 முதல் லைசென்ஸ் உள்ளவர் வெளிப்படையாக எடுத்துச்செல்ல அனுமதி வந்தது. 2021 செப்டம்பர் 1 முதல் லைசென்ஸும் கட்டாயமில்லை. வெளியே தெரிகிற கைத்துப்பாக்கி ஹோல்ஸ்டருக்குள், அதாவது துப்பாக்கி உறைக்குள் இருக்க வேண்டும், காருக்குள்ளும் அப்படியே. பேன்ட் இடுக்கில் செருகியிருந்தால் அதுவே குற்றம். பிறரைப் பயமுறுத்தும் விதத்தில் காட்டினால் அது ஒழுங்கீன நடத்தை என்ற தனி வழக்கு.

லைசென்ஸ் வேண்டாம் என்றாலும் எடுத்து வைப்பதே புத்திசாலித்தனம். பள்ளி வளாகத்திலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கியுடன் போவதை மத்தியச் சட்டம் தடுக்கிறது. மாநிலம் கொடுத்த லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு உண்டு. லைசென்ஸ் இல்லையென்றால் தோட்டாவை இறக்கி, பூட்டிய பெட்டியில் வைத்துத்தான் அந்தத் தெருவைக் கடக்க வேண்டும். கேட்டி மாதிரி ஊரில் பள்ளிக்கூடத்தைத் தொடாமல் எந்தக் கடைக்குப் போக முடியும்? லைசென்ஸுக்குக் கட்டணம் 40 டாலர். 4 முதல் 6 மணி நேர வகுப்பு, பிறகு 3, 7, 15 கெஜத் தூரத்தில் மொத்தம் 50 குண்டு சுட்டு, 250-க்கு 175 எடுக்க வேண்டும்.

கடைவாசலில் பலகையைப் படிக்கப் பழகுங்கள். ஒரு அங்குல உயர எழுத்தில், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ‘30.07’ (டெக்சாஸ் சட்டப் பிரிவின் எண்) என்று இருந்தால் லைசென்ஸ் உள்ளவரும் வெளிப்படையாகக் கொண்டுபோகக் கூடாது. ‘30.06’ மறைத்து எடுத்துச்செல்பவருக்கு, ‘30.05’ லைசென்ஸ் இல்லாதவருக்கு. சிவப்பில் ‘51%’ என்று பெரிதாக இருந்தால் அது மதுக்கூடம், உள்ளே கொண்டுபோகவே கூடாது. கோயில், தேவாலயத்துக்கு 2019 முதல் தானாகத் தடை இல்லை. நிர்வாகம் பலகை வைத்தால் தடை. பலகையைக் கவனிக்காமல் நுழைந்தால் 200 டாலர் வரை அபராதம். வாயால் சொல்லியும் வெளியேறாவிட்டால் ஓராண்டு வரை சிறைக்குரிய வழக்காகிவிடும்.

இப்போது போலீஸ். துப்பாக்கி தெரிகிறது என்று கடையிலிருந்து யாரோ 911-க்கு அழைக்கிறார்கள், அதிகாரி வந்து பேச்சுக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச அவருக்குத் தடையில்லை, பதில் சொல்லும் கட்டாயமும் உங்களுக்கு இல்லை. “ஆம் ஐ ஃப்ரீ டு கோ?” (நான் போகலாமா?) என்று ஒரே ஒரு முறை தெளிவாகக் கேளுங்கள். ‘போகலாம்’ என்றால் அமைதியாகப் போய்விடுங்கள். ‘இல்லை’ என்றால் நீங்கள் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறீர்கள் என்று பொருள். அதற்குக் குற்றம் நடந்ததாக நியாயமான சந்தேகம் வேண்டும் என்பது 1968-ஆம் ஆண்டு டெர்ரி வழக்கு தந்த விதி. பெயர் சொல்லாத ஒருவர் ‘அவனிடம் துப்பாக்கி இருக்கிறது’ என்று போனில் சொன்னது மட்டும் போதாது என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் இந்த வாதமெல்லாம் நீதிமன்றத்துக்கு. நடைபாதையில் இதை வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை.

லைசென்ஸின்படி எடுத்துச்செல்பவரிடம் அதிகாரி அடையாளம் கேட்டால், ஓட்டுநர் உரிமத்தோடு துப்பாக்கி லைசென்ஸையும் காட்ட வேண்டும் என்கிறது டெக்சாஸ் சட்டம். கேட்காமலே முதலில் சொல்ல வேண்டிய மாநிலங்களும் உண்டு. மறைத்து எடுத்துச்செல்லும் லைசென்ஸ்தாரருக்கு மிச்சிகனில் அப்படித்தான். இல்லினாயிலும் நியூயார்க்கிலும் வெளிப்படையாக அணியவே முடியாது. மாநில எல்லையைத் தாண்டும் முன் பாருங்கள்.

காரை நிறுத்தும்போதுதான் உயிர் போகும் தவறு நடக்கிறது. 2016 ஜூலை 6 அன்று மின்னசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில் தன்னிடம் துப்பாக்கி இருப்பதை முறைப்படி அதிகாரியிடம் சொன்னார். அனுமதியும் வைத்திருந்தார். சில விநாடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். கை எதையோ எடுக்கப் போகிறது என்று அதிகாரி நினைத்ததாகச் சொன்னார், பின்னர் விடுதலையும் ஆனார். அந்தச் சாவு நியாயமில்லை. ஆனாலும் அதிலிருந்து நாம் வரிசையைக் கற்றுக்கொள்ள வேண்டும். காரை ஓரம் கட்டி, உள் விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, இரு கைகளையும் ஸ்டீயரிங் மேல் விரித்து வையுங்கள். அதன் பிறகு வாயைத் திறக்கலாம். துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது என்பதில் தொடங்கி, ஆயுதம் எங்கே என்று சொல்லி, “என் பர்ஸ் பின் பாக்கெட்டில் இருக்கிறது. எடுக்கட்டுமா?” என்று கேளுங்கள். ‘எடு’ என்று சொல்லும் வரை கை நகரக் கூடாது. துப்பாக்கியை நீங்களே எடுத்து நீட்டவே நீட்டாதீர்கள். பர்ஸைத் துப்பாக்கி இருக்கும் பக்கத்தில் வைக்கும் பழக்கத்தை இன்றே மாற்றுங்கள்.

இறங்கச் சொன்னால் இறங்க வேண்டும். 1977 முதல் அது அதிகாரியின் அதிகாரம். பாதுகாப்புக்குத் தேவை என்று நியாயமாகக் கருதினால் துப்பாக்கியையும் வாங்கி வைக்கலாம். ஆபத்தில்லை, கைது செய்யும் குற்றமும் இல்லை என்றால் அனுப்பும் முன் திருப்பித் தர வேண்டும். குண்டுகளை இறக்கித் தனியாகக் கொடுத்தால், அங்கேயே நிரப்ப வேண்டாம்.

காரைச் சோதிக்கலாமா என்று கேட்டால், “ஐ டு நாட் கன்சென்ட் டு எ சர்ச்” (சோதனைக்கு நான் சம்மதிக்கவில்லை) என்று சொல்லலாம். சொன்ன பிறகும் சோதித்தால் கையால் தடுக்காதீர்கள். ‘சரி சார், பாருங்கள்’ என்று மரியாதைக்குச் சொன்ன ஒரு வார்த்தை பின்னால் வக்கீலின் கையைக் கட்டிவிடும். மௌனமாக இருப்பதாலேயே மௌன உரிமை கிடைத்துவிடாது என்பது 2013-இல் டெக்சாஸ் வழக்கு ஒன்றிலேயே தீர்ப்பானது. உரிமையைப் பயன்படுத்துகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பொய்ப் பெயர் மட்டும் ஒருபோதும் வேண்டாம். போலீஸைப் படம் எடுக்கும் உரிமையை டெக்சாஸுக்குரிய ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் ஏற்றது. தள்ளி நின்று, வேலையைத் தடுக்காமல் எடுக்கலாம். இடுப்பில் துப்பாக்கி இருக்கும்போது போனைத் தேடிப் பாக்கெட்டுக்குள் கை விட வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும்.

உங்களுக்கும் அமெரிக்கக் குடிமகனுக்கும் தெருவில் ஒரே உரிமைதான், ஆனால் தண்டனை ஒன்றல்ல. துப்பாக்கிச் சட்டத்தை மீறியதாக ஒரு தீர்ப்பு வந்தாலே நாடுகடத்தல் நடவடிக்கை வரலாம். “ஒத்துக்கொண்டு டெஃபர்டு அட்ஜுடிகேஷன் (தீர்ப்பைத் தள்ளிவைத்து கண்காணிப்பில் விடுவது) வாங்கிக்கொள்ளுங்கள், ரெக்கார்டில் வராது” என்று நீதிமன்ற வராந்தாவில் சொல்வார்கள். குடியேற்றச் சட்டம் அதையும் தண்டனையாகவே எண்ணும். எதில் கையெழுத்துப் போடும் முன்பும் குடியேற்ற விளைவைக் கேளுங்கள். அதைச் சொல்வது குற்றவியல் வக்கீலின் கடமை என்று 2010-இல் படில்லா வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. கைதானால் இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கலாம். இந்தியர் விஷயத்தில் அது தானாக நடக்காது, நீங்கள்தான் கேட்க வேண்டும். ஹூஸ்டனிலேயே துணைத் தூதரகம் இருக்கிறது. அதன் எண்ணையும் ஒரு குடியேற்ற வக்கீலின் எண்ணையும் மனப்பாடம் செய்து வையுங்கள், உள்ளே போனால் போன் உங்கள் கையில் இருக்காது.