70 வருடப் பழைய ‘ஐ லவ் லூசி’ இன்றும் எப்படி ஓடுகிறது?

கேள்வி: அமெரிக்காவில் 1950களின் தொலைக்காட்சித் தொடர்களை இன்றும் ஏக்கத்தோடு பார்க்கிறார்களே, ஏன்?

பழசின் மீதான பாசம் ஒரு காரணம்தான். பார்ப்பதற்குப் பிரதி மிஞ்சியிருக்க வேண்டுமே!

அன்று பல நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரலையாகவே போயின. மற்ற ஊர்களுக்காக, திரையில் ஓடுவதையே கேமராவால் படம்பிடித்து அனுப்புவார்கள். பிம்பம் மங்கலாக இருக்கும். ‘ஐ லவ் லூசி’ என்ற நகைச்சுவைத் தொடருக்கும் அதே ஏற்பாட்டைத்தான் விளம்பரதாரரான சிகரெட் நிறுவனம் எதிர்பார்த்தது. அதில் நடித்த லூசில் பாலும் அவர் கணவர் டெசி அர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு வர மறுத்தார்கள். சரி, சினிமா போல 35 மி.மீ. ஃபிலிமிலேயே எடுப்போம் என்று முடிவானது. செலவு கூடியதால் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, பதிலுக்கு அத்தியாயங்களின் உரிமையைக் கேட்டு வாங்கினார்கள். அபாரமான வியாபார மூளை!

பார்வையாளர்கள் எதிரே உட்கார்ந்து சிரிக்க, மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடின. 1951 அக்டோபரில் ஒளிபரப்பு தொடங்கியது. ஃபிலிம் தெளிவாக இருந்ததால் மறு ஒளிபரப்பு லாபகரமான தொழிலாயிற்று. பேரப்பிள்ளைகள் வரை லூசியை அறிந்தது இப்படித்தான்.

இன்னொன்று, அப்போது பெரிய நெட்வொர்க்குகள் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி மட்டுமே. (டூமான்ட் என்ற சிறிய நான்காவது நெட்வொர்க் 1956இல் மூடப்பட்டது.) நாடே ஒன்றாகப் பார்த்தது. 1983இல் ‘மாஷ்’ என்ற தொடரின் கடைசி அத்தியாயத்தைப் பார்த்தவர்கள் சுமார் 10.6 கோடிப் பேர். கேபிள் பரவியபின் கூட்டம் பிரிந்துபோனது.