ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப்) சிகிச்சையில் மிஞ்சிய கருக்களை என்ன செய்வது? கருக்களை லேபில் வளர்த்துப் பாதுகாக்கும் எம்ப்ரியாலஜிஸ்டிடம் சில கேள்விகள்

கேள்வி: மேடம், முதல் குழந்தைக்கு 3 வயது. இன்னும் ஐந்து பிளாஸ்டோசிஸ்ட் (ஐந்து நாள் வளர்ந்த கரு) ஃப்ரீஸ் செய்து வைத்திருக்கிறோம். எத்தனை வருடம் வைக்கலாம்?

பதில்: இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு ஏஆர்டி (செயற்கைக் கருத்தரிப்பு) சட்டப்படி அதிகபட்சம் 10 ஆண்டு. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கருவுக்கு வயதாகாது, உங்களுக்குத்தான் ஆகும். சிகிச்சைக்கு மனைவி 50, கணவர் 55 வயதுக்குள் இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். கணவருக்கு இப்போது 50 என்றால், 10 ஆண்டு என்று கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி: என் தங்கைக்குக் குழந்தை இல்லை. எங்கள் கருவை அவளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: முடியாது. சொந்த உபயோகத்துக்கு வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், அதற்கும் இந்தச் சட்டப்படி அமைந்த தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும். மற்றபடி யாருக்கும் தரக்கூடாது. 10 ஆண்டு முடிந்ததும் அழியவிடலாம், அல்லது உங்கள் சம்மதத்துடன் பதிவுபெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தரலாம். சம்மத ஃபாரத்தில் ஆராய்ச்சி என்று டிக் அடிக்கும் முன், கிளினிக்குக்கு அப்படியொரு நிறுவனத்தோடு தொடர்பு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த டிக்குக்கு அர்த்தமில்லை.

கேள்வி: வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டால் லேபில் என்ன நடக்கும்?

பதில்: கருவை வைத்திருக்கும் ஸ்ட்ராவில் (மெல்லிய குழாயில்) உள்ள பெயர், ஐடி, ஃப்ரீஸ் செய்த தேதியை இருவர் சரிபார்ப்பார்கள். பிறகு, கருவை மீட்கும் கரைசல்களில் போடாமல் அறை வெப்பத்திலேயே விட்டுவிடுவார்கள், செல்கள் சிதைந்துவிடும். ரிஜிஸ்டரில் பதிந்து, மருத்துவக் கழிவாக அகற்றுவார்கள். திரும்பப் பெற வழியே இல்லை.

கேள்வி: கணவர் போதும் என்கிறார், கருக்களை அழிக்க எனக்கு மனசு வரவில்லை.

பதில்: அப்படியானால் இன்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சேமிப்பை ஒரு வருடம் புதுப்பித்துவிட்டு, இருவரும் கவுன்சிலரைப் பாருங்கள். ஆனால் ஒன்று: கரு கர்ப்பப்பைக்குள் போகும்வரை இருவரில் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். பிரிட்டனில் நடாலி எவன்ஸ் வழக்கு இதுதான். சினைப்பைகளை அகற்றிவிட்ட அவருக்கு அந்தக் கருக்கள் மட்டுமே மிச்சம்; முன்னாள் துணைவர் மறுத்தார். 2007-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் நடாலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்கவில்லை. எனவே பிரிவு, மரணம் பற்றிய பத்திகளை ஃபாரத்தில் தாண்டிப் போகாதீர்கள்.

கேள்வி: வருடக் கட்டணம் கட்டாமல் விட்டுவிட்டால்?

பதில்: பலர் செய்வது இதைத்தான். முடிவெடுக்கும் வேலையை கிளினிக்கின் தலையில் கட்டுகிறீர்கள். வேண்டாமென்றால் எழுதிக் கொடுங்கள். போன் நம்பர் மாறினால் சொல்லுங்கள்.

கேள்வி: இனிமேல்தான் ஐவிஎஃப். மிஞ்சாமல் பார்த்துக்கொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு, முட்டை எடுக்கும் நாளுக்கு முன்பே பேசினால். முதிர்ந்த முட்டை 12 கிடைத்தால், தோராயமாக 8 கருவுறும், அதில் 4 ஐந்தாம் நாளைத் தொடும். 35 வயதுக்குக் கீழே என்றால் 6 முட்டையை மட்டும் கருவுறச் செய்து, மீதியை முட்டையாகவே ஃப்ரீஸ் செய்யச் சொல்லலாம். முட்டையை அழிக்கும்போது மனசு இவ்வளவு அடித்துக்கொள்வதில்லை. வயது கூடியவர்களுக்கும் முட்டை குறைவானவர்களுக்கும் இதைச் சொல்லமாட்டேன். கடைசியில் ஒன்றுகூட தேறாமல் போகலாம். இன்னொன்று, ஒரு ஸ்ட்ராவில் ஒரு கரு என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு சேர்ந்திருந்தால் இரண்டையும் உருக்கியாக வேண்டும். ஒன்றை மட்டும் கர்ப்பப்பைக்குள் வைக்க நினைத்தவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.