பையில் வைத்த லேப்டாப் ஏன் சூடாகிறது?

கேள்வி: ஆறு மாதம் முன்பு மகளுக்கு விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கினோம். காலையில் மூடியைச் சாத்திப் பையில் வைத்துக்கொண்டு காலேஜுக்குப் போகிறாள். அங்கே எடுத்தால் கை சுடுகிறது. 90 சதவீதம் இருந்த சார்ஜ் 65க்கு வந்துவிடுகிறது. பேட்டரியை மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றலாமா, தினமும் ஷட் டவுன் செய்தாலே போதுமா?

பதில்: பேட்டரிக்குக் காசு கொடுக்க அவசரப்படாதீர்கள். மூடியைச் சாத்தினால் லேப்டாப் அணைவதில்லை, ஸ்லீப்புக்குத்தான் போகிறது. பழைய லேப்டாப்களில் ஸ்லீப் என்றால் ராம் (வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) தவிர ஏறக்குறைய எல்லாமே நின்றுவிடும். இப்போது வருபவற்றில் பெரும்பாலும் 'மாடர்ன் ஸ்டாண்ட்பை'. செல்போன் மாதிரி அரைத்தூக்கம். மெயில் பார்க்கவோ அப்டேட் இறக்கவோ நடுவில் விழித்துக்கொள்ளும். காற்றுப் போகாத பைக்குள் விழித்தால் சூடாகாமல் என்ன செய்யும்?

உங்கள் மகளுக்கு ஏற்றது ஹைபர்னேட். திறந்திருக்கும் வேலையை அப்படியே டிஸ்கில் எழுதிவிட்டு மின்சாரத்தைத் துண்டித்துவிடும். திரும்ப எழச் சில நொடி கூடுதலாகும், அவ்வளவுதான். இப்படி எழுதினால் எஸ்எஸ்டி (லேப்டாப்பில் இருக்கும் டிஸ்க்) தேய்ந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். தினமும் 4 ஜிபி எழுதினாலும் வருடத்துக்கு ஒன்றரை டிபிதான் (ஒரு டிபி என்றால் ஆயிரம் ஜிபி). சாதாரண எஸ்எஸ்டியே நூறு டிபிக்குமேல் தாங்கும். கண்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' போய், மூடியைச் சாத்தினால் என்ன நடக்க வேண்டும் என்ற இடத்தில் ஹைபர்னேட் என்று மாற்றுங்கள். பேட்டரி, சார்ஜர் என இரண்டு கட்டம் இருக்கும். இரண்டிலும் மாற்ற வேண்டும். வீட்டில் டீ குடிக்க எழுந்தால் மூடியைச் சாத்தாமல் ஸ்லீப் கொடுத்தாலே போதும்.

ஷட் டவுனிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கினால் விண்டோஸின் உள்பகுதி முழுதாக மூடாமல் டிஸ்கில் பதிந்து, மறுநாள் அப்படியே எழும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் 'அப்டைம்', அதாவது விண்டோஸ் கடைசியாக முழுதாகத் தொடங்கி எவ்வளவு நேரமானது என்று பாருங்கள். தினம் ராத்திரி அணைத்தும் பதினோரு நாள் என்று காட்டும்! ஆகவே வைஃபை, பிரிண்டர் எதாவது முரண்டு பிடித்தால் ஷட் டவுனை நம்பாமல் ரீஸ்டார்ட் கொடுங்கள்.

சரி, பேட்டரி நிஜமாகவே கெட்டிருந்தால்? ராத்திரி ஹைபர்னேட் செய்து, சார்ஜரைக் கழற்றி வையுங்கள். காலையில் ஒன்றிரண்டு சதவீதம் குறைந்திருந்தால் பழுதில்லை. இருபது, முப்பது இறங்கியிருந்தால் பில்லோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போங்கள். பேட்டரிக்குப் பொதுவாக ஒரு வருட வாரண்டி உண்டு, ஆறு மாதத்தில் நீங்கள் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?