ஆரம்பாக்கத்து மாடி வீடு

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டு மாடியில் பாங்க் கடன் வாங்கி இரண்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருந்தோம். ஏழு மாதமாக இரண்டும் காலி. வாடகை 9,000. அட்வான்ஸ் 80,000. கரண்ட் யூனிட்டுக்கு 12 ரூபாய். இரவு பத்து மணிக்கு கேட் பூட்டிவிடுவோம். சின்னக் குடும்பமாக, சைவமாக, அரசு உத்தியோகமாக இருந்தால் தேவலை. நாங்கள் அசைவம்தான், ஆனால் மாடியில் மீன் வறுத்தால் சுவரெல்லாம் பிசுக்கு ஏறிவிடுகிறது. பேச்சிலர்களுக்கு விடுவதாக இல்லை. புரோக்கர் 'மார்க்கெட் டல்' என்கிறார். ஜோசியர் ஈசானிய மூலையில் குறை, இடித்துக் கட்டு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர், ஆரம்பாக்கம்

பதில்: பெயர் வேண்டாம் என்றீர்களே தவிர முகவரியைத் தெளிவாக எழுதியிருந்தீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை தடாவில் ஒரு கல்யாணம். சாப்பாடு முடிந்து திரும்பும் வழியில் ஆரம்பாக்கத்தில் இறங்கி, உங்கள் தெருவுக்குள் ஒரு நடை போய் வந்தேன்.

கேட்டில் ஓர் அட்டை கட்டியிருக்கிறீர்கள். 'வீடு வாடகைக்கு' என்று நீல ஸ்கெட்ச் பேனாவில் எழுத்து, கீழே போன் நம்பர். மழையில் மை கரைந்து நம்பரின் கடைசி இரண்டு எண்கள் ஒழுகிப்போயிருக்கின்றன. ஒன்றா, ஏழா, நான்கா தெரியவில்லை. குத்துமதிப்பாக ஒரு நம்பர் போட்டுப் பார்த்தேன். எடுத்தவர் தெலுங்கில் 'எவரண்டி?' (யாருங்க?) என்றார். மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டேன். ஈசானிய மூலையில் கடப்பாரை வைப்பதற்கு முன்னால் அந்த அட்டையைக் கழற்றிப் போடுங்கள்.

அப்புறம், அட்டை தமிழில் மட்டும் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து அடுத்த ரயில்வே ஸ்டேஷன் தடா, அது ஆந்திரா. உங்கள் ஊர்க் கடைத்தெருவில் பாதிப் பேச்சு தெலுங்கில்தான் நடக்கிறது. தகரத்தில் பெயிண்டால், தமிழுக்குக் கீழே 'இல்லு அத்தெகு இவ்வபடுனு' என்று தெலுங்கு எழுத்தில் ஒரு வரி, அதற்கும் கீழே இந்தியில் ஒரு வரி. மொழிப்பற்றுக்கு ஒன்றும் ஆகிவிடாது. வாடகை எந்த மொழியில் வந்தாலும் பாங்க் வாங்கிக்கொள்ளும்.

புரோக்கர் சொல்வது பொய் என்று நான் சொல்லமாட்டேன். இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட், அந்தப் பக்கம் 2008-இல் ஆந்திராவின் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் என்று வேலை வந்ததும், கையளவு மனை வைத்திருந்தவர்கள்கூட லைன் வீடு கட்டினார்கள். நீங்களும் அந்தக் கணக்கில்தானே மாடி எழுப்பினீர்கள்? கட்டடம் கூடிவிட்டது, கம்பெனிகளும் ஆட்களைத் தங்களே மொத்தமாகத் தங்க வைக்கின்றன. ஆக, வீடு தேடுகிறவனுக்கு இப்போது நாலு வீடு காட்டுகிறார்கள். அந்த நாலில் உங்கள் வீடு ஏன் தள்ளிப்போகிறது என்பதுதான் நாம் பேச வேண்டியது.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. இரண்டு போர்ஷனும் ஒரே சமயத்தில் எப்படிக் காலியாயிற்று? நீங்கள் எழுதாததைத் தெருமுனை டீக்கடைக்காரர் சொன்னார். மோட்டாரைக் காலையில் ஒரு தடவைதான் போடுவீர்களாம். அதற்கு மேல் தண்ணீர் வேண்டுமென்றால் கீழே வந்து குரல் கொடுக்க வேண்டுமாம். நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவன் தூங்கி எழுந்து மதியம் இரண்டு மணிக்குக் குளிக்கப்போனால் குழாயில் காற்று வந்ததாம். போனவர்களில் ஒருவர் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். அங்கே வாடகை 8,000, தண்ணீர் எந்நேரமும். வீடு பார்க்க வருகிறவர்கள் உங்களிடம் வருவதற்கு முன்னால் அந்த டீக்கடையில்தான் விசாரிக்கிறார்கள். புரோக்கர் கமிஷனுக்குப் பேசுவார், டீக்கடைக்காரருக்கு அந்தக் கவலை கிடையாது. ஒரு ஆட்டோமேட்டிக் சுவிட்சும் இன்னொரு டேங்கும் வைத்துவிட்டு அந்தச் செய்தியை அதே கடையில் போட்டு வையுங்கள்.

நீங்கள் எதிர்பார்க்கும் அந்தச் சைவக் குடும்பம் எங்கிருந்து வரும், சொல்லுங்கள்? ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடுகிறவர்கள் வருவார்கள் என்றால், அவர்களுக்குச் சூளூர்பேட்டையிலேயே குவார்ட்டர்ஸ் இருக்கிறது. பழவேற்காட்டு இறால் ஒரு பக்கமும் நெல்லூர் மீன் புளுசு மறு பக்கமும் மணக்கிற ஊரில், கீழே நீங்கள் மீன் வறுத்துக்கொண்டு மேலே இருப்பவன் மட்டும் கீரை கடைய வேண்டும் என்றால் யார் கேட்பார்கள்? பிசுக்குதான் பிரச்சினை என்றால் அடுப்புக்கு மேல் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள், அடுப்புச் சுவரில் நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுங்கள். முடிந்தது.

பத்து மணி கேட் விஷயமும் அப்படித்தான். செகண்ட் ஷிஃப்ட் முடித்தவனைக் கம்பெனி பஸ் கொண்டுவந்து விடும்போது நள்ளிரவு ஆகிவிடுகிறது. அவன் உங்கள் கேட்டில் நின்று உங்கள் தூக்கத்தைக் கெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டேஷனில் படுக்க வேண்டும். உங்கள் மாடிப்படி வெளியில்தான் இருக்கிறது, பார்த்தேன். பக்கத்துச் சந்தில் ஒரு சின்னக் கேட் வைத்துத் தனிச் சாவி கொடுத்தால் அவனுக்கும் நிம்மதி, உங்களுக்கும் தூக்கம்.

கணக்குக்கு வருவோம். 9,000-த்தில் ஒரு ரூபாய் குறைக்கமாட்டேன் என்று ஏழு மாதம் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு போர்ஷனுக்கு 63,000 போயிற்று. முதல் மாதமே 8,000-க்கு விட்டிருந்தால் வருஷத்துக்கு 12,000 குறைந்திருக்கும். அந்த 63,000-த்தை இப்படிக் குறைத்துக் குறைத்து இழக்க ஐந்தேகால் வருஷம் ஆகும். நீங்கள் ஏழே மாதத்தில் இழந்துவிட்டீர்கள், அதுவும் இரண்டு போர்ஷனுக்கு. வாடகையைக் குறைத்தால் பிறகு ஏற்ற முடியாது என்று பயமிருந்தால், 9,000 என்றே வைத்துக்கொண்டு முதல் மாத வாடகை வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். வருஷம் முழுக்க இருந்தால் மாதம் 750 குறைந்த கணக்குத்தான்; ஆனால் அடுத்த வருஷம் ஏற்றும்போது 9,000-த்திலிருந்து ஏற்றலாம். இரண்டு தெரு தள்ளி 8,000-க்குக் கிடைக்கும்போது இது எடுபடுமா என்பது தண்ணீர் விஷயத்தைச் சரிசெய்வதைப் பொறுத்தது.

அட்வான்ஸ் 80,000 என்பது அதைவிடப் பெரிய பூட்டு. ஃபாக்டரியில் சேர்ந்து ஆறு மாதம் ஆன பையன் கையில் எண்பதாயிரம் எங்கே இருக்கும்? தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் புதிய வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. உங்கள் கணக்கில் அது 27,000. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பதினோரு மாத அக்ரிமென்ட் போட்டால் இதெல்லாம் வேண்டாம் என்று பத்திரம் எழுதுகிறவர்கள் சிலர் இன்னமும் சொல்கிறார்கள், நம்பாதீர்கள். எல்லையோரம் என்றாலும் ஆரம்பாக்கம் தமிழ்நாடுதான். பதிவு உங்களுக்கும் நல்லது, நாளைக்குக் காலி செய்யச் சொல்ல வேண்டி வந்தால் அந்தக் காகிதம்தான் பேசும்.

யூனிட்டுக்கு 12 ரூபாய் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அரசாங்கம் வீடுகளுக்கு இலவசமாகத் தருகிறது என்பது உங்கள் குடித்தனக்காரருக்கும் தெரியும். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி இணைப்பு வாங்கி, பில்லை அவர்களையே கட்டச் சொல்லுங்கள். மாதத்துக்கு இருநூறு முந்நூறு மிச்சம் பிடிக்கப்போய் வாடகையே வராமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

பேச்சிலர்களுக்கு ஏன் விடுவதில்லை என்று நீங்கள் எழுதவில்லை. பழைய அனுபவம் ஏதாவது இருக்கலாம், நான் அதைக் கிண்டல் செய்யவில்லை. நாலு பேர் என்று சொல்லி எட்டுப் பேர் தங்குவதுதான் பொதுவான புகார். அதற்கு மருந்து ஒப்பந்தத்திலேயே இருக்கிறது: எத்தனை பேர், யார் யார், ஒவ்வொருவரின் கம்பெனி அடையாள அட்டை நகல், ஆதார் நகல். ஆள் மாறினால் சொல்லிவிட்டு மாற வேண்டும். போலீஸ் ஸ்டேஷனிலும் விவரம் கொடுத்துவிடுங்கள். நாலு பேர் ஆளுக்கு 2,250 போட்டால் உங்கள் 9,000 வந்துவிடுகிறது, ஒரு குடும்பத்துக்கு அது பாரம். வேலைக்கு வரும் பெண்களுக்கு விடலாமே என்று யாராவது யோசனை சொன்னால் நல்ல யோசனைதான். ஆனால் வார்டன், சாப்பாடு என்று ஹாஸ்டலாக நடத்தக் கிளம்பினால் பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு, உரிமம் எல்லாம் வேண்டும். வீடாக விடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டை உள்ளே பார்க்க முடியவில்லை. ஆனால் படியேறி ஜன்னல் பக்கம் நின்றதும் ஒரு வாடை வந்தது. பாத்ரூம் தரையில் தண்ணீர் போகும் ஜாலிக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும், அதுதான் சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் தடுக்கிறது. புழங்காத வீட்டில் அது காய்ந்துபோய், வாடை நேராக அறைக்குள் ஏறுகிறது. வருகிறவர்கள் 'ஏதோ சாக்கடைப் பிரச்சினை' என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுவார்கள், உங்களிடம் சொல்லமாட்டார்கள். வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஜாலியிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போதும். ஆள் வருகிற அன்று ஜன்னல்களைக் காலையிலேயே திறந்து, குழாயில் முதலில் வரும் துருத் தண்ணீரை ஓடவிட்டுவிடுங்கள். குழாயில் உப்புப் படிந்திருந்தால் வினிகரில் துணி நனைத்துச் சுற்றி வைத்துத் தேயுங்கள், போய்விடும். தண்ணீர் உப்புதான் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள்.

இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது ஆடி பிறந்திருக்கும். ஆடியில் யார் குடி வருவார்கள் என்று இன்னொரு மாதம் சும்மா இருந்துவிடாதீர்கள். தெலுங்குக்காரர்களுக்கும் ஆஷாடம் ஆகாதுதான், ஆனால் அவர்கள் மாதம் அமாவாசைக்கு அமாவாசை. நம் ஆடி முடிவதற்கு முன்பே அநேகமாக அவர்களுக்குச் சிராவணம் தொடங்கிவிடும். தமிழ்க் குடும்பங்கள் ஆவணிக்காகக் காத்திருக்கும் அந்த இடைவெளியில் அவர்கள் வீடு தேடுவார்கள். ஒடிசாவிலிருந்து வரும் பையனுக்கு நம் ஆடி என்றால் என்னவென்றே தெரியாது, அவனுக்கு ஒன்றாம் தேதி டூட்டி. பெயிண்டரை இந்த வாரமே கூப்பிடுங்கள்.