மகளை வெளிநாட்டுப் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்பலாமா? பேரணாம்பட்டுத் தந்தைக்கு ஒரு பதில்

அன்புள்ள ஐயா,

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளை, பள்ளியில் அழைத்துப்போகும் ஏழு நாள் சிங்கப்பூர், மலேசியா சுற்றுலாவுக்கு 1,30,000 ரூபாய் கட்டி அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பாவிட்டால் மற்ற பிள்ளைகளைவிடப் பின்தங்கிவிடுவாளோ என்ற பயமும் கடிதம் முழுக்கத் தெரிகிறது. முதலில் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பின்தங்கமாட்டாள்.

சுற்றறிக்கையில் பங்கேற்புச் சான்றிதழ் தருவதாக எழுதியிருப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை 200-க்குக் கணக்கிட்டுத்தான் தரவரிசை போடுகிறார்கள். மருத்துவத்துக்கு 720 மதிப்பெண் நீட் தேர்வு. நம் வேலூர் சி.எம்.சி.யிலும் நீட் எழுதாமல் எம்.பி.பி.எஸ். சேர முடியாது. வி.ஐ.டி.யின் பொறியியல் படிப்புக்குத் தனி நுழைவுத்தேர்வு இருக்கிறது. இவை எதிலும் சுற்றுலாச் சான்றிதழுக்கு இடமில்லை. பிற்காலத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாலும், பணம் கட்டிய எவரும் போகக்கூடிய பயணம் அங்கே பெரிய தகுதியாகிவிடாது.

அப்படியானால் பயணமே வீணா என்றால், இல்லை. பதினான்கு வயதில் முதன்முதலாக விமானம் ஏறுவது, அம்மா இல்லாமல் தன் பெட்டியைத் தானே அடுக்குவது, கையில் கொடுத்த பணத்தை ஏழு நாளுக்குப் பிரித்துச் செலவழிப்பது எல்லாம் ஒரு பெண் பிள்ளைக்குப் பெரிய தைரியத்தைத் தரும். சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. ரயில் நிலையப் பலகையில் தமிழைப் பார்த்து அவள் அடையும் மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு உரிய பணத்தைக் குடும்பத்தின் மகிழ்ச்சிச் செலவிலிருந்துதான் எடுக்க வேண்டும். படிப்புச் செலவு என்று பெயர் வைத்துவிட்டால் கடன் வாங்குவதுகூட நியாயமாகத் தோன்றத் தொடங்கிவிடும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்திய வரியும் அதுதான். ஏலச்சீட்டைத் தள்ளி எடுக்கலாமா, இல்லையென்றால் மனைவியின் வளையலை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேண்டாம். ஷூ கம்பெனியில் ஆர்டர் குறைந்தால் ஓவர்டைம் நின்றுவிடும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்னும் இரண்டு ஆண்டுகளில் மகள் பதினோராம் வகுப்பில் குரூப் தேர்ந்தெடுப்பாள். கட்டணம், பயிற்சி வகுப்பு, விடுதி என்று செலவு வரிசையாக வரும் காலம் அது. அப்போது அந்த வளையல் வீட்டில் இருக்க வேண்டும். சேமிப்பிலிருந்து 1,30,000 ரூபாய் எடுத்தும் அந்தச் செலவுகளுக்கான பணம் தொடப்படாமல் இருக்கும் என்றால் மட்டும் மேற்கொண்டு யோசியுங்கள்.

மகளிடம் பேசினீர்களா? கடிதத்தில் அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை. சில பிள்ளைகள் தோழிகள் பெயர் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காகவே கேட்பார்கள். சிலர் வீட்டு நிலைமை தெரிந்து ஆசையை வெளியே சொல்லவே மாட்டார்கள். தொகையையும் அது எங்கிருந்து வரும் என்பதையும் அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு புரியும்.

அடுத்து, உங்கள் மனைவியின் பயம். பெண் பிள்ளையைக் கண்காணாத தேசத்துக்கு எப்படி அனுப்புவது என்று அவர் கேட்பதை வீண் பயம் என்று ஒதுக்காதீர்கள். அதையே கேள்விகளாக்கிப் பள்ளியிடம் எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை ஆசிரியர்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர்? இரவில் பிள்ளைகள் இருக்கும் அதே தளத்தில் ஆசிரியையும் தங்குவாரா? பாஸ்போர்ட்டுகள் யார் கையில் இருக்கும்? காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள், காப்பீடு எவ்வளவு, அந்தப் பாலிசியின் நகல் நமக்குக் கிடைக்குமா? சிங்கப்பூருக்கு விசா வேண்டும். அது மறுக்கப்பட்டால், அல்லது கடைசி வாரத்தில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனால், கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராதவரை முன்பணம் கட்டாதீர்கள்.

ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு டி.சி.எஸ். என்ற வரியைப் பணம் வாங்கும்போதே பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் பதிவானால் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது வரவு வைத்துக்கொள்ளலாம். யாருடைய பான் எண்ணில் கட்டுகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

அனுப்புவதென்று முடிவானால் வீட்டு அம்மாவுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. பொடி, மசாலா எது கட்டிக் கொடுத்தாலும் அதில் கசகசா இருக்கக் கூடாது. சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள். மகள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் மருத்துவரின் சீட்டோடு அனுப்புங்கள். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே இரவு ஒன்பதரைக்கு நீங்கள் அழைத்தால் அங்கே நள்ளிரவாகியிருக்கும். மாலை ஆறரைக்குப் பேசுவதென்று முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பவில்லை என்றால் அவளுக்கு வேறு வாசல்கள் இருக்கின்றன. மகளுக்கு அறிவியல் பிடிக்கும் என்று எழுதியிருப்பதால் இஸ்ரோவின் யுவிகா திட்டத்தைச் சொல்கிறேன். 2019-இல் தொடங்கிய இது ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கென்றே இருப்பது. விண்வெளி மையங்களில் ஏறத்தாழ இரண்டு வாரப் பயிற்சி, தங்கும் செலவும் பயணச் செலவும் இஸ்ரோவுடையது. எட்டாம் வகுப்பு மதிப்பெண், இணையவழி வினாடிவினா, அறிவியல் கண்காட்சி, விளையாட்டு எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்வு செய்கிறார்கள். பள்ளி ஊராட்சிப் பகுதியில் இருந்தால் அதற்கும் தனி மதிப்பெண் உண்டு. போட்டி கடுமைதான், ஆனாலும் இந்த ஆண்டு விட்டால் மறுபடி வாய்ப்பில்லை. அறிவிப்பு எப்போது வருகிறது என்று இஸ்ரோ இணையதளத்தை அவளையே பார்க்கச் சொல்லுங்கள். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977-இல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டறிந்ததில் பங்குபெற்ற இடம் அது. பார்வையாளர்களை அனுமதிக்கும் நாளை விசாரித்துக்கொண்டு வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகக் குடும்பமாகவே போய்வரலாம்.

போனாலும் போகாவிட்டாலும் பாஸ்போர்ட் எடுத்து வையுங்கள். வேலூர் தலைமை அஞ்சலகத்திலேயே சேவை மையம் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சாதாரணக் கட்டணம் 1,000 ரூபாய். ஐந்து ஆண்டுகள் அல்லது பதினெட்டு வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். பெற்றோர் இருவரின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போடமாட்டார்கள், உங்கள் பெயரை முழுமையாக விரித்து எழுதியாக வேண்டும். ஆதாரில் ஒருவிதம், பள்ளிப் பதிவேட்டில் வேறுவிதம் என்று இருந்தால் அது இப்போதே தெரிந்துவிடும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் அச்சாவதற்கு முன் அதைத் திருத்துவது எளிது. பின்னால் என்றால் மாதக்கணக்கில் அலைய நேரும். இந்த வாரமே ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளிப் பதிவேடு மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.